கைப்பிடிக்குள் குங்குமம்

பேச்சியம்மாவை எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் பிடிக்காது. எனக்கும்தான். போன மாதம் கினிகத்தேனையில் அவள் செத்துப்போனதாகக் கேள்விப்பட்டதும், செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமே என்று உட்கார்ந்து யோசித்தேன். இரண்டுதான் தேறியது. பொய் சொல்ல மாட்டாள். கை சுத்தம். இந்த இரண்டும் உள்ள ஒரு பிறவியோடு ஒரே தோட்டத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய தொந்தரவு என்று.

நான் லியனார்ட். பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் திரும்ப இடமில்லாமல் பின்னோக்கியே இறங்கிப் போகும் ஒரு தோட்டத்தில் பதினைந்து வருஷமாகச் சின்ன கிளாக்கர். கோட்டை மாட்டிக்கொண்டு துரை சொல்வதைத் தட்டச்சு செய்வது என் வேலை. பேச்சியம்மா கொழுந்து பறித்தவள். அவள் புருஷன் சோலைமலை ஐம்பத்தொன்றில் மார்ச்சளி கண்டு செத்தான். பிள்ளை குட்டி இல்லை. ஐந்தாம் நம்பர் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பரா அவளுடையது. பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்டாள், கிடையாது என்று கடுதாசி வந்தது. அதை அவளுக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான். அந்தக் காம்பராவை விட்டால் அவளுக்கு இந்த நாட்டிலும் இடமில்லை, அக்கரையிலும் ஆளில்லை. அப்படிப்பட்டவள் வாயை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டாமா?

இருக்க மாட்டாள். ஒருநாள் காலைப் பெரட்டில் பேர் பதிய மழையில் ஓடிவந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சியை, பிந்திவிட்டாள் என்று கங்காணி திருப்பி அனுப்பினான். பேச்சியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஒங்க பொஞ்சாதி இன்னும் எந்திரிக்கவே இல்லையேங்க கங்காணி. அவ பேரு மட்டும் எப்படி விழுந்துச்சு?" பெரட்டுக் களமே சிரித்தது. கங்காணி சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அவளைப் பங்களா வேலைக்குத் தள்ளிவிட்டான். பங்களா என்றால் சுகம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். பார்லோ துரையிடம் ஆறு மாதம் தாக்குப்பிடித்த ஆள் கிடையாது.

அவன் இப்போது சீமைக்குப் போய்விட்டான். அதனால் தைரியமாக 'அவன்' என்று எழுதுகிறேன். இங்கே இருந்தவரை என் வாயில் 'துரை அவர்கள்'தான்.

பார்லோவுக்கு மனிதர்களைப் பிடிக்காது. பிடித்ததெல்லாம் பழைய அமெரிக்க ரிவால்வர்கள். அதிலும் நிக்கல் பூசியவை மட்டும். அந்த நிக்கலும் ரிவால்வரைச் செய்த தொழிற்சாலையிலேயே பூசியதாக இருக்க வேண்டும். கறுப்பாக வெளியே வந்ததை எவனோ ஒரு கடைக்காரன் பிற்காலத்தில் ராவி, மெருகு போட்டு, நிக்கலில் முக்கி எடுத்திருந்தால் அவனுக்கு அது குப்பை. அசல் கிடைப்பது அரிது என்பதால் விலை பத்து மடங்கு. அப்படி ஏழு வைத்திருந்தான். சாப்பாட்டு அறைக் கண்ணாடி அலுமாரியில், நீல வெல்வெட்டின் மேல். ஏழாவது எல்லாவற்றிலும் சின்னது, முத்துச்சிப்பிக் கைப்பிடி போட்டது. அதைப் பார்ப்பதற்கென்றே நுவரெலியாவிலிருந்து துரைமார் கார் போட்டு வருவார்கள். எங்கள் ஆஸ்பத்திரிக் கூரை மூன்று வருஷமாக ஒழுகியது. அந்த வெல்வெட்டில் ஒரு சொட்டு ஈரம் விழுந்ததில்லை.

பேச்சியம்மா பங்களாவுக்குப் போவதற்கு முன்னால் அந்த ரிவால்வர்களைத் துடைத்தவன் அங்கே சமையல் வேலை பார்த்த அப்பு. பித்தளை மினுக்கும் மருந்தை விட்டு அழுத்தித் தேய்த்தான். ஒன்றில் ஐந்து சதக் காசு அளவுக்கு நிக்கல் வழண்டு, அடியில் செம்பு தெரிந்தது. பார்லோ அவனைப் படியில் உதைத்து விரட்டினான். பிறகு அந்த வேலை பேச்சியம்மாவுக்கு வந்தது. அவள் மருந்தைத் தொடவே இல்லை. நைந்த வேட்டித் துணி, ஒரு பொட்டு எண்ணெய், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தோறும் கைப்பிடித் திருகாணியையும் கழற்றி உள்ளே துடைப்பாள். மலை மூட்டம் உள்ளே போய்த்தான் துருவை வைக்கும் என்பதை அவளுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

சீக்கிரமே அவளுக்கு இன்னொன்றும் பிடிபட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு ஊருக்குப் போகிற துரைமார் துப்பாக்கிகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் பார்லோ புதிதாக வாங்கிவந்த ஒன்றைத் துடைக்கக் கொடுத்தான். அவள் துடைத்துவிட்டு அலுமாரியில் வைக்காமல் மேசையில் வைத்தாள்.

"அங்க ஏன் வைக்கல?" என்று தோட்டத் தமிழில் அதட்டினான்.

"அது அந்தச் சாதி இல்லைங்க தொரை. இது பின்னால பூசினது."

கடுதாசிக் கட்டோடு வாசலில் நின்ற நான் இரண்டடி பின்வாங்கினேன். பார்லோ பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தான். அவள் விரலால் காட்டினாள். அசலில் வெட்டின எழுத்தின் விளிம்பு விரலைக் கீறும், இதில் மழுங்கிக் கிடக்கிறது, ராவின பிறகுதானே பூசியிருக்கிறான். அசலில் விரல் இழுக்கும் விசைக்கு நிக்கல் கிடையாது, தண்ணீரில் மண்ணெண்ணெய் விட்டது மாதிரி நீலமும் மஞ்சளுமாக இருக்கும், இதில் விசையும் வெள்ளையாக மின்னுகிறது. திருகாணி வெட்டுக்குள்ளும் நிக்கல் அப்பியிருக்கிறது. பார்லோ அரைமணி நேரம் பார்த்தான். விற்றவனை இங்கிலீஷில் அரைமணி நேரம் திட்டினான். பேச்சியம்மாவுக்கு ஒரு நல்ல வார்த்தை வரவில்லை.

அதற்குப் பிறகு எது வந்தாலும் முதலில் அவள் கையில் போகும். கம்பளத்தில் கால் படக்கூடாது, வெறும் தரையில் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். தலவாக்கலைப் பக்கத்துத் துரை ஒருவன் தன் பாட்டனுடையது என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் இரண்டு தரம் புரட்டிவிட்டு, "இதுவும் பூசினதுதாங்க" என்றாள். அவன் முகம் சிவந்து, கூலிக்காரி என் பாட்டனைப் பொய்யன் என்கிறாளா என்று கத்தினான். அவள் என் பக்கம் திரும்பி, "பாட்டன் பொய் சொன்னாரோ பேரன் சொல்றாரோ, அது எனக்குத் தெரியாதுங்க கிளாக்கரய்யா. துவக்கு சொல்றதத்தான் நான் சொல்றேன்" என்றாள். இதை நான் மொழிபெயர்க்கவில்லை. கொழும்பு வழியாக அமெரிக்காவுக்கு எழுதிக் கேட்டபோது, அந்த நம்பர் ரிவால்வர் கறுப்பாகத்தான் வெளியே போனது என்று தொழிற்சாலையிலிருந்து பதில் வந்தது. பதினோரு வருஷத்தில் இப்படி இருபத்துமூன்று பார்த்துச் சொன்னாள். ஒருமுறையும் தவறியதில்லை. தவறியிருந்தால் தோட்டத்தில் பாதிப் பேருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். அதில் நானும் ஒருவன்.

இங்கே ஆயுத பூசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், எனக்கு அதில் பங்கில்லை, சுண்டலில் மட்டும் உண்டு. தேயிலை அரைக்கும் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். பூசையன்று ஸ்டோரில் மெஷின்களுக்கெல்லாம் மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக் கூடை, ஒன்று விடாமல் வரிசையாகப் பொட்டு. பங்களாவுக்குப் போன முதல் வருஷம் பேச்சியம்மாவும் தன் துடைக்கிற துணியையும் திருகாணி கழற்றும் சின்னச் சாவியையும் தட்டில் வைத்துக்கொண்டு போனாள். ஸ்டோர் கங்காணி வாசலிலேயே மறித்தான்.

"அறுத்தவ கை பட்டா மெசினு நின்னு போகும். அங்கிட்டுப் போ."

அவள் சண்டை போடுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். போடவில்லை. பூசை முடிந்து கொட்டிக் கிடந்த குங்குமத்தை ஒரு இலையில் அள்ளிக்கொண்டு பங்களாவுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு வருஷா வருஷம் அதே மாதிரி, வாசலுக்கு வராமலே, கடைசியில் போய் ஒரு இலை குங்குமம் எடுத்துக்கொள்வாள். தாலி அறுத்தவளுக்குக் குங்குமம் எதற்கு என்று லயத்துப் பெண்கள் வாயைக் கோணிக் கேட்டார்கள். எனக்கும் அப்போது தெரியாது.

அறுபத்தொன்றில் பார்லோ நுவரெலியாக் குதிரைப் பந்தயத்தில் நிறையப் பணத்தை விட்டான். அந்த மே மாதம் கொழும்புக்குக் கிளம்பினான். ஒரு சின்னப் பெட்டியை என் கையில் கொடுத்துக் காரில் வைக்கச் சொன்னான். என்ன என்று கேட்கவில்லை. அலுமாரியில் ஏழாவது இடம் காலியாக இருந்ததை நான் பார்த்திருந்தேன். ஒரு வாரம் கழித்து அதே பெட்டியோடு திரும்பி வந்தான். ஏழாவது இடம் நிரம்பியது.

அந்த வெள்ளிக்கிழமை பேச்சியம்மா ஆபீஸ் பின்வாசலுக்கு வந்தாள்.

"கிளாக்கரய்யா, சின்னது வேறங்க."

"என்ன வேற?"

"நம்பர் அதேதான். துவக்கு அது இல்ல. பின்னால பூசினது. நம்பரும் புதுசா அடிச்சது."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அசலைக் களவாக விற்றுவிட்டு, பெருமை குலையாமல் இருக்கவும் பொலீஸ் வந்து லைசென்ஸ் நம்பரைப் பார்த்தால் பதில் சொல்லவும் ஒரு போலியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். "ஒனக்கு எதுக்கு இந்த வம்பு? வாயப் பொத்திக்கிட்டுத் துடை" என்றேன்.

"பொத்திக்கிறேங்க. கேட்டா மட்டும் சொல்லுவேன்" என்று போய்விட்டாள்.

இரண்டு வருஷம் யாரும் கேட்கவில்லை. அறுபத்துமூன்றில் பார்லோவுக்கு ஊருக்குப் போக உத்தரவாகியது. ஏழையும் மொத்தமாக விற்பதற்கு, நம்பர்களோடு ஒரு பட்டியல் தட்டச்சு செய்து கொழும்புக்கு அனுப்பினேன். பத்தாம் நாள் சேனாதீர மாத்தயா என்று ஒரு கொழும்புச் சிங்கள லாயர் கொட்டும் மழையில் வந்து இறங்கினார். அவரும் இதே பைத்தியம், பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் தன் பெட்டியைத் திறந்தார். உள்ளே முத்துச்சிப்பிக் கைப்பிடி போட்ட சின்ன ரிவால்வர். அலுமாரியில் இருந்ததும் அதுவும் அச்சு அசல் ஒரே மாதிரி, நம்பரும் ஒன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தரகனிடம் வாங்கினாராம். அந்தத் தரகன் இப்போது நாட்டிலேயே இல்லையாம். அந்த நம்பரில் தொழிற்சாலை ஒன்றுதான் செய்தது என்பதற்குக் கடிதமும் கொண்டு வந்திருந்தார்.

"ஒன்று போலி. எது என்று தெரியாமல் போகமாட்டேன்" என்றார்.

பார்லோ அசையவில்லை. உன்னை யாரோ ஏமாற்றியிருக்கிறான், அதை நான் கண்ணால் கண்டதே இல்லை என்றான். பிறகு என்னை மூலைக்கு அழைத்து, பேச்சியம்மாவிடம் சொல்லிக் கூட்டிவரும்படி சொன்னான். நம்முடையதுதான் அசல் என்று அவள் சொன்னால் காம்பரா இருக்கும், மாற்றிச் சொன்னால் பத்துச்சீட்டு. பத்துச்சீட்டு என்றால் வேலையும் போய், லயமும் போய், அன்றைக்கே தோட்டத்தை விட்டு இறங்க வேண்டும்.

குசினியில் போய்ச் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "நீங்க என்னாங்க சொல்றீங்க?"

"சொல்லிட்டுப் போயேன். ஒனக்கு என்னா நட்டம்? ரெண்டு பேரும் பணக்காரனுக, அடிச்சிக்கிட்டுச் சாகட்டும்."

"பதினோரு வருசமா நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு ஆயிருமேங்க" என்றாள். நான் அவளைப் பைத்தியக்காரி என்று நினைத்தேன். இன்னும் அந்த நினைப்பு முழுதாகப் போகவில்லை.

கம்பளத்துக்கு இப்பால் வெறும் தரையில் வந்து நின்றாள். இரண்டையும் வாங்கினாள். கட்டைவிரலை எழுத்தின் மேல் ஓட்டினாள். விசையைப் பார்த்தாள். மாத்தயாவுடையதைப் பிடித்தவள் ஒரு கணம் கூடுதலாகவே பிடித்திருந்தாள்.

"ஐயா கொண்டாந்ததுதான் நெசம். இது பூசினது."

பார்லோ மேசையில் அறைந்தான். "பொய்! இவன் காசு குடுத்தான். நீ வாங்கினது. திருட்டுப் பொம்பள!" மாத்தயாவுக்கும் ரோஷம் வந்து இங்கிலீஷில் எகிறினார். பேச்சியம்மா இருவரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"கிளாக்கரய்யா. நீங்க சொல்லுங்க."

பெட்டியைக் காரில் வைத்த கை என் கை. சின்னது வேற என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்ட காது என் காது. ஒரு வார்த்தை போதும். எனக்கும் ஆபீஸ் குவார்ட்டர்ஸ் இருந்தது, என் மனைவி பெற்றீசியாவுக்கு அது ஏழாம் மாதம். கையிலிருந்த பட்டியலைக் குனிந்து வாசித்தேன். எட்டு வரிதான், இரண்டு தரம் வாசித்தேன்.

"சரி" என்றாள் பேச்சியம்மா. "காசு வாங்கிப் பொய் சொன்னவங்கிற பேரோட நான் போகமாட்டேன். பிடியக் கழட்டிப் பாருங்க. ரெண்டுலயும்."

இடுப்பில் செருகியிருந்த சின்னச் சாவியால் அவளே கழற்றினாள். மாத்தயாவுடையதில் முத்துச்சிப்பிக்கு அடியில், நம்பர் வெட்டின குழிக்குள், செக்கச்செவேல் என்று குங்குமம். வருஷா வருஷம் வைத்துப் படிந்து இறுகிப்போன குங்குமம். அலுமாரியில் இருந்ததைக் கழற்றினாள். துடைத்த மாதிரி வெறுமையாக இருந்தது.

"ஆயுத பூசைக்கு வச்சது. மேல வச்சா தொரை கத்துவாரு. உள்ள வச்சா சாமி மட்டும் பாக்கும்." போலியைத் தள்ளி வைத்தாள். "இதுக்கு வைக்கல. பூசினதுக்கு எதுக்குங்க பூசை?"

கொழும்பு மாத்தயாவின் ரிவால்வர் எந்த அலுமாரியிலிருந்து போனது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அவர் வாய்விட்டுச் சிரித்தார். பார்லோவின் கழுத்து ஊதா நிறமானது. கால்சட்டைப் பையில் இருந்த சாவியால் அலுமாரியைத் திறந்து மற்ற ஆறையும் அள்ளி மேசையில் கொட்டி, அவள் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி ஒவ்வொன்றாகக் கழற்றினான். ஆறிலும் குங்குமம்.

முதல் தடவையாக அந்த வீட்டில் ஒருத்தி ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன். மாத்தயா தன் ரிவால்வரை வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் சுரண்டினார். சிரிப்பு நின்றது. குங்குமத்துக்கு அடியில் மூட்டத்து ஈரம் தங்கி நிக்கல் பொரிந்து, பச்சைப் பாசி மாதிரி செம்பு கிளம்பியிருந்தது.

"நாசமாக்கிவிட்டாளே!" என்றார்.

அந்த ஒரு சொல்லில் இரண்டு பேரும் ஒரு கட்சி ஆகிவிட்டார்கள். விஸ்கிப் போத்தலோடு விறாந்தைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது போலி எப்படி வந்தது, அசல் எப்படிப் போனது என்ற பேச்சே இல்லை. ஏதோ கைமாறாட்டம், கனவான்களுக்குள் தீர்ந்துவிட்டது. பார்லோ என்னிடம் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். பங்களாவுக்குச் சொந்தமான ஆறு ரிவால்வர்களுக்குள் அந்நியப் பொருளைப் பூசி நிரந்தரச் சேதம் விளைவித்த குற்றத்துக்காக, பேச்சியம்மா, ஐந்தாம் நம்பர் லயம், உடனடியாக வேலையிலிருந்து நீக்கப்படுகிறாள்.

அவளைக் காப்பாற்றியதே அவளை வெளியே தள்ளியது. நான் வாயைத் திறந்திருந்தால் அந்தக் கைப்பிடிகளை யாரும் கழற்றியிருக்க மாட்டார்கள். இதை இரண்டு வருஷமாக வேறு வேறு மாதிரித் திருப்பிப் பார்க்கிறேன். வேறு மாதிரி வரவில்லை.

சாயங்காலம் ரேகை வைக்க ஆபீசுக்கு வந்தாள். கடுதாசியை நீட்டினேன்.

"பொய் சொன்னேன்னு எழுதியிருக்கா?"

"இல்ல."

"களவு?"

"இல்ல."

"அப்ப குடுங்க." பெருவிரலை மையில் அழுத்தி, வைக்க வேண்டிய இடத்தில் சரியாக வைத்தாள். மேசையில் கிடந்த ஒற்றுத்தாளை எடுத்து விரலைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே என் முகத்தையும், பொத்தான் போட்ட கோட்டையும், மறுபடி முகத்தையும் பார்த்தாள். ரிவால்வரைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. அவசரமே இல்லை.

"ஒங்களையும் பதினோரு வருசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், கிளாக்கரய்யா" என்றாள். "நீங்களும் பின்னால பூசினதுதான்."

டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மழையோடு மழையாகப் பஸ் நிற்கிற இடத்துக்கு இறங்கினாள். கினிகத்தேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அண்டா விளக்கிக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. ஹற்றனுக்கும் கொழும்புக்கும் போகிற வருகிற பஸ்ஸில் அந்தக் கடையை எத்தனையோ தடவை தாண்டியிருக்கிறேன், ஒருநாளும் இறங்கவில்லை. இருபத்துமூன்று பார்த்துச் சொன்னாள், ஒருமுறையும் தவறியதில்லை என்று மேலே எழுதினேன். என்னையும் சேர்த்தால் இருபத்துநாலு.